பயிற்சி என்னும் போர்வை: மூளை ஆய்வுகூடங்களில் உழைப்பும் உரிமையும்

ஒருவர் செய்யும் தொழிலுக்கு எப்பெயர் வழங்கப்படுகிறது என்பது சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும் விடயமன்று. பெயர் உரிமையைத் தருகிறது. பெயரே உரிமையை மறுக்கவும் செய்கிறது. தொழிலாளி என்று அழைக்கப்படுபவருக்கு ஊதியம், விடுமுறை, சேமலாப நிதி, சங்கம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் நியாயம் பிறக்கிறது. பயிலுநர் என்று அழைக்கப்படுபவருக்கோ நன்றியுணர்வு ஒன்றே கடமையாக விதிக்கப்படுகிறது. மேலைநாட்டு ஆய்வுகூடங்களில், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில், கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் தற்காலிகப் பணியில் இருக்கும் பெருந்தொகையினர் இவ்விரண்டாம் பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். ஆங்கிலத்தில் 'போஸ்ட்டொக்' எனச் சுருக்கி வழங்கப்படும் இவர்களை இங்கு பட்டப்பின் ஆய்வாளர் எனக் குறிப்போம்.

இவர்களுள் ஒரு பிரிவினரை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று தொடர்புற்றுப் பார்வையையும் நினைவையும் தீர்மானத்தையும் எவ்வாறு தோற்றுவிக்கின்றன என ஆராயும் துறை தொகுதிசார் நரம்பு விஞ்ஞானம் எனப்படும். அறிவு கூட்டு உழைப்பால் உற்பத்தியாவதையும், அதன் பயன் தனியொருவர் கைக்குச் செல்வதையும் இத்துறையிற் போல வேறெங்கும் தெளிவாகக் காண்பதரிது. இத்துறையின் பட்டப்பின் ஆய்வாளர் பயிலுநர் அல்லர், தொழிற்றிறன் முற்றிய ஊதிய உழைப்பாளர் என்பதும், அவரைப் பயிலுநர் என அழைப்பது அவருக்கு மட்டுமன்றி அவ்விஞ்ஞானத்துக்கே தீங்கு விளைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும். கலைப்பீட மாணவர் ஒருவருக்கு மூளை ஆய்வுகூடத்தில் என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். மூளையைப் பற்றித் தீர்ப்புரைக்க இங்கு எவரும் முற்படவில்லை. உழைப்பைப் பற்றியே பேசுகிறோம். அது எந்தப் பீடத்துக்கும் தனியுரிமையான பொருளன்று.

முதலில் அவ்வுழைப்பு எத்தன்மையது என நோக்குதல் வேண்டும். சுண்டெலி ஒன்று திரையில் தோன்றும் உருவத்தைக் கண்டு, முன்னங்கால்களால் ஒரு சில்லை இடமாகவோ வலமாகவோ திருப்ப வேண்டும். சரியாகத் திருப்பினால் ஒரு துளி நீர் கிடைக்கும். இவ்வளவே சோதனை. ஆனால் அந்த எலியின் மண்டையோட்டில் சத்திரசிகிச்சை செய்து சிறு தகடொன்றைப் பொருத்துதல், அதனைக் கையாளப் பழக்குதல், வாரக்கணக்கில் நாள்தோறும் பயிற்றுதல், மயிரிழையிலும் நுண்ணிய மின்வாயை மூளையினுள் இறக்குதல், பதிவான மின்துடிப்புக்களுள் எது எந்தக் கலத்துக்குரியது எனக் கணினி கொண்டு பிரித்தல், ஈற்றில் மூளையைச் சீவி மின்வாய் சென்ற தடத்தைச் சரிபார்த்தல் ஆகிய யாவும் அச்சிறு சோதனைக்குள் அடங்கும். நீர் கட்டுப்படுத்தப்பட்ட விலங்கை நாள்தோறும் நிறுத்து, அதற்குரிய நீரை அளந்து கொடுத்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதையோ நத்தார் என்பதையோ எலி அறியாது. ஆய்வாளரும் அறியாதவராகவே வாழ்கிறார். சத்திரசிகிச்சையாளர், விலங்குப் பயிற்றுநர், கருவி வினைஞர், கணினி நிரலாளர், புள்ளிவிபரவியலாளர், கட்டுரையாசிரியர் ஆகிய ஆறு தொழில்களை ஒருவரே செய்யும் இந்நிலையில், தரமான ஆய்வேடு ஒன்று முற்றுப்பெற நான்கைந்து ஆண்டுகள் கழிந்துவிடுவது இயல்பு.

இதனைப் பயிற்சி என்பவர்கள் பயிற்சி என்னும் சொல்லின் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொற்கொல்லரிடம் தொழில் பழகும் சிறுவன், ஆசான் அறிந்த வேலையை ஆசானிடமிருந்து கற்கிறான். கற்று முடிந்ததும் தனக்கெனப் பட்டறை ஒன்றை அமைக்கிறான். பழகுநிலைக்கு இவ்விரண்டும் இன்றியமையாத இலக்கணங்கள். நாம் கூறும் ஆய்வுகூடத்திலோ நிலைமை தலைகீழானது. ஆய்வுகூடத் தலைவர் நிதி விண்ணப்பம் எழுதுவதிலும் மாநாடுகளிலும் தம் காலத்தைச் செலவிடுகிறார். அன்றாடச் சோதனையும் புதிய கருவிகளும் பெரும்பாலும் பட்டப்பின் ஆய்வாளரின் கையிலேயே உள்ளன. புதிதாக வரும் மாணவருக்கு அவற்றைக் கற்பிப்பவரும் அவரே. அதாவது, பயிலுநர் எனப்படுபவரே அங்கு ஆசானாகவும் இருக்கிறார். பட்டறை அமைக்கும் வாய்ப்போ, அதாவது நிரந்தரப் பேராசிரியப் பதவியோ, அவர்களுள் சிறுபகுதியினருக்கே கிட்டுகிறது. கற்பிக்கும் ஆசானும் இல்லாமல், கற்றபின் தொழிலும் இல்லாமல் நிகழும் ஒன்றைப் பயிற்சி என்று சொல்வதற்கு எந்த அகராதியும் இடந்தராது.

இவ்வேற்பாட்டை ஆதரிப்போர் முன்வைக்கும் முதல் வாதம் வரலாறு சார்ந்தது. டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும் இளம் ஆய்வாளராக இருந்தபோதே பார்வையின் இரகசியத்தைக் கண்டனர். இன்றைய இளைஞர் ஏன் முறையிட வேண்டும் என அவர்கள் கேட்பர். இவ்வரலாற்றை முழுமையாகச் சொல்வதே அவ்வாதத்துக்குத் தக்க மறுமொழியாகும். 1958இல் இவ்விருவரும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கஃப்லரின் ஆய்வுகூடத்தில் ஒன்றுசேர்ந்தனர். பூனையின் பார்வை மேற்பட்டையில் இருந்த கலம் ஒன்று அவர்கள் காட்டிய புள்ளிகளுக்கு மசியவில்லை; கண்ணாடித் தகட்டைச் செருகும்போது அதன் விளிம்பு வீழ்த்திய மெல்லிய நிழற்கோட்டுக்கே துடித்தது. கோடுகளின் சாய்வை உணரும் கலங்கள் உண்டு என்ற பேருண்மை அவ்வாறு வெளிப்பட்டது. 1959இல் அவ்வாய்வு அச்சேறியபோது ஆசிரியர் பெயர்கள் இரண்டே: ஹியூபல், வீசல். ஆய்வுகூடத் தலைவரான கஃப்லர் தம் பெயரைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டில் இருவரும் கஃப்லரோடு ஹாவார்ட் சென்று பதவி பெற்றனர். 1981இல் நோபல் பரிசு இவ்விருவரையும் அடைந்தது.

இவ்வரலாறு எதை உணர்த்துகிறது? இளம் ஆய்வாளரின் உழைப்பு அவர் பெயராலேயே வெளிவந்தது. பதவி ஓராண்டில் கிட்டியது. தலைவர் தமது செல்வாக்கைப் பங்குரிமையாக மாற்றிக்கொள்ளவில்லை. இன்று எத்தனை ஆய்வுகூடங்களில் தலைவரின் பெயரின்றி ஓர் ஆய்வேடு வெளிவருகிறது? இன்றைய வழக்கில் கடைசிப் பெயர் தலைவருக்கு ஒதுக்கப்பட்ட சிம்மாசனம். கட்டுரையை நினைவுகூர்வோர் அப்பெயராலேயே நினைவுகூர்வர். நிதியும் அப்பெயரையே நாடிச் செல்லும். ஹியூபலையும் வீசலையும் இன்றைய இளைஞருக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோர், கஃப்லரை இன்றைய தலைவர்களுக்கு எடுத்துக்காட்டாகக் கூறாமல் விடுவது ஏனோ?

இதனினும் முக்கியமான மாற்றம் உற்பத்தி முறையிலே நிகழ்ந்துள்ளது. அக்காலத்தில் ஒரு மின்வாய், ஒரு கலம், இரண்டு மனிதர். 2017இல் அறிமுகமான நியூரோபிக்செல் என்னும் மின்வாய் ஒன்றிலோ 960 பதிவிடங்கள் உள்ளன. அவற்றுள் 384இல் ஒரே வேளையிற் பதிவு செய்யலாம். 2024 ஒக்ரோபரில் பழ ஈ ஒன்றின் முழு மூளையினதும் இணைப்பு வரைபடம் வெளியாயிற்று. அதில் 139,255 நரம்புக்கலங்களும் ஐந்து கோடிக்கு மேற்பட்ட நரம்புச் சந்திகளும் அடங்கும். கணினி வரைந்த அப்படத்தின் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தியவை மனிதக் கண்களே. 2025 செப்ரெம்பரில் சர்வதேச மூளை ஆய்வுகூடம் என்னும் கூட்டமைப்பு, 12 ஆய்வுகூடங்களில் 139 சுண்டெலிகளிலிருந்து 621,733 நரம்புக்கலங்களின் செயற்பாட்டைத் திரட்டி, தீர்மானம் எடுக்கும்போது மூளை முழுவதும் என்ன நிகழ்கிறது என்பதைக் காட்டியது. மேலே நாம் விவரித்த சில்லுத் திருப்பும் சோதனையே அதற்கும் அடிப்படை. பன்னிரண்டு இடங்களிலும் எலிகளைப் பழக்கியவர், மின்வாயை இறக்கியவர், பதிவைச் சரிபார்த்தவர் யாவரும் ஒரே முறையை ஒழுகினாலன்றி அப்பெருந்தரவு கிட்டியிராது.

கைத்தொழில் நிலையிலிருந்து ஆலைத்தொழில் நிலைக்கு இத்துறை நகர்ந்துவிட்டது எனலாம். உற்பத்தி சமூகமயமாகியுள்ளது, உடைமையோ தனியார்மயமாகவே உள்ளது. அம்மூளை வரைபடம் வெளிப்படுத்திய முடிபுகளுள் ஒன்று ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தீர்மானம் சார்ந்த செயற்பாடு ஏதோ ஒரு மையத்தில் ஒடுங்கியிராமல் மூளையின் பல பகுதிகளிலும் பரந்து காணப்பட்டது. எலியின் மூளைக்கு அரசன் ஒருவன் இல்லை எனக் கண்டறிந்த துறையே, அக்கண்டறிதலுக்கு அரசன் ஒருவனைத் தேடி முடிசூட்டும் வழக்கத்தை இன்னும் கைவிடாதிருப்பது விந்தையே. அக்கூட்டமைப்பு தன் ஆய்வுகளிற் கூட்டுப்பெயரைப் பயன்படுத்துவது நல்ல தொடக்கம். ஆயினும் பதவிக்கு விண்ணப்பிக்கும் இளைஞரிடம் தெரிவுக்குழு இன்றும் கேட்பது 'உமது முதற்பெயர்க் கட்டுரை எது?' என்ற வினாவையே. நோபல் பரிசோ மூவருக்கு மேல் பகிரப்படுவதில்லை.

இவ்வாறு பெயர் இழந்தவர்க்கு நேர்வது யாது என்பதற்கு டக்ளஸ் பிரேஷரின் வாழ்க்கை சான்று. ஜெலிமீன் ஒன்றில் உள்ள பச்சையாக ஒளிரும் புரதத்தின் பரம்பரையலகைப் படியாக்கம் செய்து 1992இல் வெளியிட்டவர் அவர். நிதி கிடைக்காமையால் ஆய்வைக் கைவிட நேர்ந்தபோது அப்பரம்பரையலகைப் பிறருக்கு வழங்கினார். 2008இல் அப்புரதத்துக்காக மூவர் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றவேளை, பிரேஷர் அலபாமா மாநிலத்தின் ஹன்ற்ஸ்வில் நகரில் கார் விற்பனை நிலையம் ஒன்றின் வாடிக்கையாளரை ஏற்றி இறக்கும் சாரதியாக இருந்தார். நரம்புக்கலங்கள் துடிக்கும்போது ஒளிரச் செய்து, ஆயிரக்கணக்கானவற்றை ஒருங்கே நோக்க உதவும் இன்றைய கல்சிய உணர்த்திகள் அப்பச்சைப் புரதத்திலிருந்தே ஆக்கப்பட்டவை. தொகுதிசார் நரம்பு விஞ்ஞானத்தின் கண்களுள் ஒன்றைத் தந்தவருக்கு விஞ்ஞானத்துள் ஓர் இருக்கை கிடைக்கவில்லை. பிரேஷர் பட்டப்பின் ஆய்வாளர் நிலையைக் கடந்தவர்தாம். ஆயினும் தற்காலிக நிதியை நம்பி வாழும் எவரது எதிர்காலமும் எந்நூலில் தொங்குகிறது என்பதை அவர் கதை உணர்த்துகிறது.

இனி ஊதியத்துக்கு வருவோம். 2016இல் ஐக்கிய அமெரிக்கத் தொழிற்றிணைக்களம், ஆண்டுக்கு 47,476 டொலருக்குக் குறைவாகச் சம்பளம் பெறும் பெரும்பாலான ஊழியருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வழங்கப்படல் வேண்டும் என விதி வகுத்தது. அந்நாட்டின் மருத்துவ ஆய்வுக்குப் பெருமளவு நிதி வழங்கும் தேசிய சுகாதார நிறுவகங்கள் அவ்வேளை புதிய பட்டப்பின் ஆய்வாளருக்கு வகுத்திருந்த உதவித்தொகை 43,692 டொலர். உடனே அது 47,484 டொலராக உயர்த்தப்பட்டது. விதி கூறிய எல்லைக்கு மேல் எட்டு டொலர்! அவ்விதியை அதே ஆண்டு நவெம்பரில் ரெக்சாஸ் மாநிலத்திலுள்ள சமஷ்டி நீதிமன்றம் ஒன்று தடுத்துவிட்டபோதிலும், அறிவித்த உயர்வு நிலைத்தது. இந்த எட்டு டொலர் பல நூல்கள் உணர்த்தாததை உணர்த்துகிறது. விஞ்ஞானத்தின் மாண்பு பற்றிய சொற்பொழிவுகள் பல்லாண்டுகளாகச் சாதிக்காததைத் தொழிற்சட்டம் ஒன்றின் நிழல் சில மாதங்களிற் சாதித்தது. அவர்களது நேரத்தை மணிக்கணக்கில் எண்ணும் நாள் வந்தால் கணக்கு எவ்வளவு ஆகும் என்பதை, எண்ண மறுத்தவர்கள் நன்கறிந்தே இருந்தனர்.

2023 டிசெம்பரில் அதே நிறுவகங்களின் ஆலோசனைக் குழு ஒன்று, குறைந்தபட்ச ஊதியம் 70,000 டொலராதல் வேண்டும் எனவும், பட்டப்பின் காலம் ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படலாகாது எனவும் விதந்துரைத்தது. 2024இல் வழங்கப்பட்டதோ 61,008 டொலர். 2025இல் அதனோடு கூடியது 1,224 டொலர். மூளை ஆய்வு மிகுந்து நடைபெறும் பொஸ்ரன், நியூயோர்க், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களின் வீட்டு வாடகையை அறிந்தோர் இத்தொகையின் பெறுமதியையும் அறிவர். இன்னொரு முரண்பாடும் உண்டு. போட்டியில் வென்று தேசிய ஆய்வுப் புலமைப்பரிசில் பெறும் ஆய்வாளர் சட்டப்படி ஊழியர் அல்லர். அவர் பெறுவது சம்பளமும் அன்று. இதனால், தலைவரின் நிதியிலிருந்து சம்பளம் பெறும் பக்கத்து மேசை நண்பருக்குரிய ஓய்வூதியப் பங்களிப்புப் போன்ற ஊழியர் நலன்களைப் பரிசில் பெற்றவர் பல இடங்களில் இழக்க நேரிடுகிறது. இருவரும் ஒரே எலிக்கூட்டின் முன் நின்று ஒரே வேலையைச் செய்கின்றனர். திறமைக்குப் பரிசாக உரிமை பறிக்கப்படும் தொழில் உலகில் வேறொன்று உளதோ என்பது ஐயமே.

இவ்வாய்வாளருட் பெருந்தொகையினர் பிற நாட்டவர் என்பதையும் மறத்தலாகாது. மேற்குறித்த பரிசில் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ளவர்க்கு மட்டுமே உரியது. ஏனையோர் தலைவரின் நிதியையே நம்பி வாழ்கின்றனர். அவர்களது விசா அவர்களை அமர்த்தியுள்ள நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. பணி போனால் நாட்டில் தங்கும் உரிமையும் போகும். அடுத்த பதவிக்கு வேண்டிய பரிந்துரைக் கடிதத்தை எழுதுபவரும் அதே தலைவர்தாம். ஊதியம், விசா, கடிதம் ஆகிய மூன்றும் ஒருவர் கையில் இருக்குமிடத்து, அவர் நல்லவரா தீயவரா என்ற ஆராய்ச்சி பயனற்றது. நல்ல ஆண்டானின் கீழ் இருப்பதும் அடிமைநிலையே. 2025இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வு நிதிகள் பல திடீரென இரத்துச் செய்யப்பட்டபோதும், அவ்வாண்டு செப்ரெம்பரில் புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டொலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபோதும், இவர்களின் நிலத்துக்கு அடித்தளமே இல்லை என்பது வெளிப்பட்டது. நமது விஞ்ஞான பீடங்களிலிருந்து அந்நாட்டுக்குச் செல்லும் நண்பர்களுக்கும் இது பொருந்தும்.

போட்டியே சிறந்தோரைத் தெரிவு செய்கிறது, நிரந்தரப் பதவி சோம்பலை வளர்க்கும் என்பது எதிர்த்தரப்பின் இரண்டாம் வாதம். இவ்வாதத்தின் வெளிப்படையான வடிவத்தை ஜேர்மனியிற் காணலாம். 2007இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம், கலாநிதிப் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டும் பின் ஆறு ஆண்டும் தற்காலிக ஒப்பந்தத்தில் ஒருவரை வைத்திருக்க இடமளித்தது. மருத்துவத் துறையில் பின்னைய காலம் ஒன்பது ஆண்டு. அதனை விளக்க அந்நாட்டுக் கல்வி, ஆராய்ச்சி அமைச்சு வெளியிட்ட ஒளிப்படத் துண்டில் ஹன்னா என்னும் கற்பனை உயிரியலாளர் தோன்றினார். ஒரு தலைமுறை எல்லாப் பதவிகளிலும் அமர்ந்து வழியை அடைத்துவிடாதிருக்கவே தற்காலிக ஒப்பந்தம் என்பது அதன் சாரம். 2021இல் ஆயிரக்கணக்கான ஆய்வாளர் 'நானே ஹன்னா' என எழுந்து தத்தம் நிலையை எடுத்துரைத்தனர். மனிதரைக் குழாயில் தேங்கும் அழுக்காகக் கருதும் சிந்தனையை அவர்கள் அம்பலப்படுத்தினர் எனலாம்.

சிறந்தோரைத் தெரிவு செய்கிறது என்பதாவது மெய்யா? ஒப்பந்தம் ஈராண்டு அல்லது மூவாண்டு. ஆய்வேடு ஒன்றுக்கோ ஐந்தாண்டு. இந்நிலையில் அறிவுடைய இளைஞர் எத்தகைய வினாவைத் தெரிந்தெடுப்பார்? விடை உறுதியாகக் கிடைக்கும் வினாவை. ஆறு ஆண்டு உழைத்து 'இவ்வாறு இல்லை' எனக் காணும் துணிவு அவருக்கு வராது. எதிர்மறை முடிபுகள் மேசை இழுப்பறைகளிற் புதைகின்றன. அடுத்த ஆய்வுகூடம் அதே பாதையில் நடந்து அதே சுவரில் மோதுகிறது. கைத்திறனுக்கு நேரும் இழப்பு இன்னும் பெரிது. சேதமின்றி மின்வாயை இறக்கும் கை, ஒலிபெருக்கியிற் கேட்கும் துடிப்பிலிருந்தே கலத்தின் நலத்தை அறியும் செவி, எலியின் அச்சத்தை அதன் மீசை அசைவிற் காணும் கண் ஆகியன எழுத்தில் இறக்க முடியாத அறிவு. ஐந்தாண்டுக்கொருமுறை அவ்வறிவு ஆளோடு வெளியேற, ஆய்வுகூடம் மீண்டும் அரிச்சுவடி தொடங்குகிறது. வேறெந்தத் தொழிற்சாலை முதலாளியும் தன் தேர்ந்த வினைஞரை இவ்வாறு தவணை முறையில் துரத்தமாட்டான். ஆலை முதலாளிக்கு இலாபக் கணக்காவது உண்டு. இங்கு அதுவும் இல்லை. போட்டியில் எஞ்சுபவர் மிகச் சிறந்தவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. குடும்பப் பொறுப்பு குறைந்தவர், பெற்றோரின் பணத்தில் நெடுங்காலம் காத்திருக்கக்கூடியவர், பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்கத் தேவையற்றவர் ஆகியோரே பெரும்பாலும் எஞ்சுவர்.

நிதி இல்லை என்பது மூன்றாம் வாதம். இதற்கு நீண்ட மறுமொழி வேண்டியதில்லை. 2013இல் அமெரிக்க அரசு மூளை ஆய்வுக்கெனப் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தது. கருவிக்கும் கணினிக்கும் அதன் வழியே நிதி பாய்ந்தது. கருவியை இயக்கும் கைக்கு மட்டும் இல்லை என்பது வறுமையாலன்று, முன்னுரிமையால் நேர்ந்தது. ஆய்வுகூடம் தோறும் ஒன்றிரண்டு நிரந்தர ஆய்வு விஞ்ஞானியர் பதவிகளை உண்டாக்கினால் ஆண்டுதோறும் வெளியாகும் கட்டுரைகளின் தொகை குறையலாம். குறைவதால் அறிவு குன்றிவிடும் என எவரும் நிறுவியதில்லை.

நான்காவது மறுப்பு நம் தரப்பிலிருந்தே எழக்கூடியது. 'மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளத்துக்காகக் குரல் கொடுக்க வேண்டிய நாம், ஆண்டுக்கு அறுபதாயிரம் டொலர் பெறுபவருக்காகக் கண்ணீர் விடுவதா?' என்று தோழர்கள் கேட்பர். நேர்மையான கேள்வி இது. அவ்விருவரின் துன்பமும் சமமென்று கூறுபவன் துன்பத்தை அறியாதவன். ஆனால் சுரண்டல் என்பது வறுமையின் அளவு மட்டுமன்று. உழைப்பவருக்கும் உழைப்பின் பயனுக்கும் இடையிலுள்ள உறவு அது. தோட்டத் தொழிலாளி தன்னைத் தொழிலாளி என அறிவார். அதனால் சங்கம் அமைத்தார், வேலைநிறுத்தம் செய்தார், போராடி வாக்குரிமையை மீட்டார். பட்டப்பின் ஆய்வாளரோ தம்மை வருங்காலப் பேராசிரியராகவே கண்ணாடியிற் காண்கிறார். நாளைய எசமானாகத் தம்மைக் கருதுபவர் இன்றைய உழைப்பாளராகத் தம்மை உணர்வதில்லை. அந்த மயக்கமே இவ்வேற்பாட்டின் உறுதியான தூண். இவ்விடயத்தில் கொழுந்து பறிக்கும் பெண், கலாநிதிப் பட்டம் பெற்றவருக்குக் கற்பிக்க வேண்டியது உண்டு. கண்ணீர் எவருக்கும் தேவையில்லை. தேவை தன்னை அறியும் அறிவே.

அவ்வறிவு அரும்பத் தொடங்கிவிட்டது என்பதே நம்பிக்கைக்குரிய செய்தி. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் ஆய்வாளர் சங்கம் 2010இல் தனது முதலாவது கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்றது. அச்சங்கம் இணைந்திருப்பது மோட்டார் வாகனத் தொழிலாளரின் பெருஞ்சங்கத்தோடு என்பது கருத்தூன்றி நோக்கத்தக்கது. 2022 நவெம்பர் 14இல் அப்பல்கலைக்கழகத்தின் ஏறத்தாழ 48,000 கல்வித்துறை ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பட்டப்பின் ஆய்வாளர் அடுத்த மாதமே கணிசமான ஊதிய உயர்வோடு திரும்பினர். நியூயோர்க்கிலுள்ள மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியின் பட்டப்பின் ஆய்வாளர் 2023 டிசெம்பரில் வேலைநிறுத்தம் செய்தனர். அதே மாதத்தில், தேசிய சுகாதார நிறுவகங்களின் சொந்த ஆய்வுகூடங்களிலுள்ள இளம் ஆய்வாளர் சங்கம் அமைக்க வாக்களித்தனர். 2024 டிசெம்பரில் ஒப்பந்தம் உறுதியாயிற்று. தொடக்கத்தில் அந்நிறுவகங்கள் எழுப்பிய எதிர்ப்பு யாது? இவர்கள் பயிலுநர், ஊழியர் அல்லர் என்பதே. அவ்வாதம் பின்னர் கைவிடப்பட்டது. ஊழியர் அல்லாதோர் வேலையை நிறுத்தினால் வேலை நின்றுவிடுவது எங்ஙனம் என்ற எளிய வினாவுக்கு அவர்களிடம் விடை இருக்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. பயிலுநர் என்ற பெயர் நீக்கப்பட்டுப் பட்டப்பின் ஆய்வாளர் எவரும் ஊழியராக ஏற்கப்படல் வேண்டும். நிதி எவ்வழி வந்தாலும் உரிமை ஒன்றாதல் வேண்டும். பல்லாண்டு செய்து தேர்ந்த கைகளுக்கு, பேராசிரியராகாமலே விஞ்ஞானியாக வாழும் நிரந்தரப் பதவி வேண்டும். கூட்டாக விளைந்த அறிவுக்குக் கூட்டுரிமை வழங்கி, யார் எதைச் செய்தார் என்பதைப் பதிவு செய்தல் வேண்டும். பரிந்துரைக் கடிதம் ஒருவர் கையிலுள்ள சாட்டையாக இருக்கும் நிலை மாறல் வேண்டும். இவற்றை எந்தத் தலைவரும் கருணையால் வழங்கப்போவதில்லை என்பதை மேலே கூறிய எட்டு டொலர் போதிய அளவு தெளிவாக்கியுள்ளது.

இதனைப் படிக்கும் விஞ்ஞான பீட நண்பர்களிற் சிலர் நாளை அவ்வாய்வுகூடங்களுக்குச் செல்லக்கூடும். செல்லுதல் தவறன்று. மனித மூளையை அறியும் முயற்சி மனிதகுலத்தின் உயர்ந்த முயற்சிகளுள் ஒன்று. அதில் நம்மவரின் கையும் இருத்தல் வேண்டும். ஆனால் நியமனக் கடிதத்தில் பயிற்சி என்ற சொல்லைக் காணும்போது, அதனருகே எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டு, எவ்வளவு ஊதியம், எவரது பெயரில் என்ற நான்கு வினாக்களை எழுதிப் பாருங்கள். அங்கு சென்றதும் முதல் வாரத்திலேயே சங்கம் எங்குள்ளது எனக் கேளுங்கள். இல்லையெனின், பக்கத்து மேசையில் இருப்பவரோடு அதைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.